சைக்கிள் செயினில் ‘கிறீச் கிறீச்’ சத்தமா? எண்ணெய் விடுவதற்கு முன்னால் இதைப் படியுங்கள்

தெருவில் ஒரு சைக்கிள் வருகிறது. ஆளைப் பார்ப்பதற்கு முன்னாலேயே சத்தம் கேட்டுவிடுகிறது. ஒவ்வொரு மிதிக்கும் ஒரு ‘கிறீச்’. அடுத்த நாள் யாராவது, “செயினுக்குக் கொஞ்சம் எண்ணெய் விடுப்பா” என்று சொல்வார்கள். வீட்டில் இருக்கிற தேங்காய் எண்ணெயோ, பைக்கில் இருந்து வடித்த பழைய ஆயிலோ, கைக்கு எது அகப்படுகிறதோ அது செயின் மேல் ஊற்றப்படும். சத்தம் நின்றுவிடும். வேலை முடிந்தது என்று நினைப்போம்.

உண்மையில் தேய்மானம் அப்போதுதான் வேகம் பிடிக்கிறது. அழுக்கைத் துடைக்காமல் எண்ணெய் விட்டால், அந்த எண்ணெய் வெளியில் ஒட்டியிருந்த மணலையும் சேர்த்து உள்ளே இழுத்துக்கொண்டு போகும். எண்ணெயும் மணலும் கலந்தால் உப்புத்தாள் மாதிரிதான். ஓட ஓட இரும்பை அரைத்துக்கொண்டே இருக்கும்.

‘சைக்கிள் செயினுக்குப் போய் இவ்வளவு பேச்சா?’ என்று தோன்றலாம். அரசுப் பள்ளி, அரசு உதவி பெறும் பள்ளிகளில் பிளஸ் 1 படிக்கும் பிள்ளைகளுக்கு அரசு விலையில்லா மிதிவண்டி தருகிறது. பஸ் சரியாக வராத ஊர்களில் அந்த வண்டிதான் பள்ளிக்கூடத்துக்கும் வீட்டுக்கும் நடுவில் இருக்கும் ஒரே பாலம். பால்காரர், பேப்பர் போடும் பையன், கட்டட வேலைக்குப் போகிறவர் என்று பலருக்கு அன்றாடப் பிழைப்பே சைக்கிளை நம்பித்தான். செயின் பாதி வழியில் அறுந்தால் அன்றைய நாள் போச்சு. சாலையைக் கடக்கும் நேரத்தில் எழுந்து நின்று மிதிக்கும்போது செயின் நழுவினால், அதைவிடப் பெரிய ஆபத்து.

இதைத் தவிர்க்க அதிகச் செலவு ஒன்றும் இல்லை. மாதம் அரை மணி நேரம், நாலு பழைய துணி, கொஞ்சம் மண்ணெண்ணெய், ஒரு டீஸ்பூன் எண்ணெய். அவ்வளவுதான்.

செயினுக்குள் என்ன இருக்கிறது?

வெளியில் இருந்து பார்த்தால் வெறும் இரும்புக் கண்ணிகள். ஒரு கண்ணியைப் பிரித்துப் பார்த்தால் நான்கு வகைப் பாகங்கள் தெரியும். இரண்டு பக்கமும் தட்டு. தட்டுகளைக் கோக்கும் பின். அந்தப் பின் சுழல்வதற்கு ஒரு சிறு குழாய். இதை புஷ் என்பார்கள். புஷ்ஷின் மேல் உருளும் ரோலர். பல்சக்கரத்தின் பல்லில் வந்து உட்காருவது இந்த ரோலர்தான். கியர் சைக்கிள்களின் மெல்லிய செயின்களில் தனி புஷ் இருக்காது. உள்தட்டையே அந்த வடிவத்துக்கு வளைத்திருப்பார்கள். வேலை ஒன்றுதான்.

இந்த அமைப்பு 140 ஆண்டுகளுக்கும் பழையது. சுவிட்சர்லாந்தில் பிறந்து இங்கிலாந்தின் மான்செஸ்டரில் தொழில் செய்த ஹான்ஸ் ரெனால்ட், புஷ் வைத்த ரோலர் செயினுக்கு 1880-ல் காப்புரிமை பெற்றார். அதற்கு முன்பு பிரபலமாக இருந்த சைக்கிளில் முன்சக்கரம் ஆள் உயரத்துக்கு இருக்கும். பெடலும் அதிலேயே இருக்கும். விழுந்தால் தலை குப்புறத்தான். பின்சக்கரத்தைச் செயினால் ஓட்டும் ‘ரோவர்’ பாதுகாப்பு சைக்கிளை 1885-ல் ஜான் கெம்ப் ஸ்டார்லி கொண்டுவந்த பிறகுதான், இரண்டு சக்கரமும் ஏறக்குறைய ஒரே அளவில் இருக்கும் இன்றைய வடிவம் நிலைத்தது. நம் வீட்டு வாசலில் நிற்கும் வண்டியும் அந்த வம்சம்தான்.

சரி, இந்தச் செயின் ஒரு நாளில் எவ்வளவு வேலை செய்கிறது? ஒரு சின்னக் கணக்கு போட்டுப் பார்க்கலாம். முன்னால் 44 பல், பின்னால் 18 பல், செயினில் 112 கண்ணி, 26 அங்குலச் சக்கரம் என்று வைத்துக்கொள்வோம். ஒரு முழு மிதிக்கு வண்டி சுமார் 5 மீட்டர் போகும். பள்ளிக்கூடம் போக 5 கி.மீ., வர 5 கி.மீ. என்றால், நிறுத்தாமல் மிதிக்கும் கணக்கில் ஏறக்குறைய 2,000 மிதி. அதற்குள் செயின் 780 தடவை முழுசாகச் சுற்றி வந்துவிடும். ஒவ்வொரு சுற்றிலும் ஒரு கண்ணி நான்கு முறை மடங்கி நிமிர வேண்டும்: முன் சக்கரப் பல்லில் ஏறும்போது, இறங்கும்போது, பின் பல்லில் ஏறும்போது, இறங்கும்போது. ஆகமொத்தம் ஒரே நாளில் ஒவ்வொரு மூட்டும் 3,000 தடவைக்கு மேல் மடங்குகிறது. அந்த மூட்டுக்குள் ஒரு துளி எண்ணெய் இருப்பதற்கும் ஒரு சிட்டிகை மணல் இருப்பதற்கும் உள்ள வித்தியாசத்தை நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள்.

‘செயின் நீண்டு போச்சு’ என்றால் என்ன?

கடையில் அடிக்கடி கேட்கும் வார்த்தை இது. இரும்புத் தட்டு ரப்பர் மாதிரி இழுபட்டு நீளுவதில்லை. பின்னும் புஷ்ஷும் உரசித் தேய்ந்து, மூட்டில் இடைவெளி விழுகிறது. ஒரு மூட்டில் 0.06 மில்லிமீட்டர் தேய்ந்தாலே, அதாவது ஒரு தலைமுடியின் பருமன் அளவு, 24 மூட்டில் சேர்ந்து 1.5 மி.மீ. ஆகிவிடும்.

அப்படி நீண்ட செயின், பல்சக்கரத்தின் பல்லில் சரியான இடத்தில் உட்காராது. பல்லின் மேல்பக்கம் ஏறி உட்காரும். நாளடைவில் பல்லும் தேய்ந்து கொக்கி மாதிரி வளைந்துவிடும். அந்த நிலைக்குப் போன பிறகு புதுச் செயின் மாட்டினாலும் நழுவும். “செயின் மட்டும் மாத்துங்கண்ணே” என்று கேட்டால், கடைக்காரர் “செயின் வீலும் ஃப்ரீவீலும் சேர்த்து மாத்தணும் தம்பி” என்று சொல்வது இதனால்தான். அவர் வியாபாரத்துக்காகச் சொல்கிறார் என்று நினைக்க வேண்டாம். சொல்வதில் நியாயம் இருக்கிறது. நேரத்துக்குச் செயினைக் கவனித்திருந்தால் மற்ற இரண்டும் தப்பித்திருக்கும்.

எண்ணெயின் உண்மையான வேலை

எண்ணெய் விட்டால் மிதிப்பது லேசாகும் என்பது நம் எல்லோருடைய எண்ணம். துருப்பிடித்து இறுகிய செயினுக்கு அது சரி. ஆனால் நல்ல செயினில் விஷயம் கொஞ்சம் வேறு. அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகப் பொறியாளர் ஜேம்ஸ் ஸ்பைசர் குழுவினர் 1999-ல் சைக்கிள் செயினை ஆய்வகத்தில் ஓட்டிப் பார்த்தார்கள். காலால் கொடுக்கும் சக்தியில் அதிகபட்சம் 98.6 சதவீதம் வரை பின்சக்கரத்துக்குப் போய்ச் சேர்ந்தது. ஆச்சரியம் என்னவென்றால், எண்ணெயால் அந்த எண்ணில் பெரிய வித்தியாசம் வரவில்லை.

அப்படியென்றால் எண்ணெயே வேண்டாமா? அப்படி இல்லை. அது தூசியும் மழையும் இல்லாத ஆய்வகம். நம் தெரு அப்படியா? சாலையில் எண்ணெயின் முக்கியமான வேலை, மூட்டுக்குள் இடத்தைப் பிடித்துக்கொண்டு தண்ணீரையும் தூசியையும் உள்ளே விடாமல் தடுப்பது; இரும்பும் இரும்பும் நேரடியாக உரசாமல் பார்த்துக்கொள்வது. இதில் இருந்து இரண்டு விஷயம் புரிகிறது. ஒன்று, எண்ணெய் செயினின் உள்ளே இருக்க வேண்டும், வெளியில் அல்ல. இரண்டு, உள்ளே போவதற்கு முன் அழுக்கு வெளியேற வேண்டும்.

எந்த எண்ணெய் சரி, எது தப்பு?

தேங்காய் எண்ணெய், நல்லெண்ணெய்: அவசரத்துக்குச் சத்தம் நிற்கும். ஆனால் சமையல் எண்ணெயில் துருவைத் தடுக்கும் பொருள் எதுவும் சேர்ப்பதில்லை. நல்லெண்ணெய் காற்றுப் பட்டு நாளாக ஆகப் பிசுபிசுப்பாகி, தூசியைப் பிடித்துப் பசை மாதிரி ஆகிவிடும். தேங்காய் எண்ணெய் குளிரில் உறையும். ஊட்டி, கொடைக்கானல் பக்கம் இருப்பவர்களுக்குச் சொல்லவே வேண்டாம்.

பைக்கில் வடித்த பழைய ஆயில்: ஓசியில் கிடைக்கிறது என்பது தவிர வேறு நன்மை இல்லை. அதில் என்ஜினில் தேய்ந்த இரும்புத் துகளும் கரியும் இருக்கும். செயினுக்கும் கெடுதல். அதில் புற்றுநோயை உண்டாக்கக்கூடிய பொருள்களும் சேர்ந்திருக்கும் என்பதால் வெறுங்கையால் தொடுவதும் நல்லதல்ல.

கிரீஸ்: கெட்டியாக இருப்பதால் மூட்டுக்குள் இறங்காது. வெளியில் அப்பிக்கொண்டு, போகிற வழியில் இருக்கிற மணலை எல்லாம் சேகரிக்கும். சக்கரத்தின் பேரிங்குக்குத்தான் கிரீஸ். திறந்து கிடக்கும் செயினுக்கு அல்ல.

துரு நீக்கும் ஸ்ப்ரே: ஈரத்தை விரட்டவும், இறுகிய கண்ணியைத் தளர்த்தவும் உதவும். ஆனால் அதன் மெல்லிய படலம் செயினில் அதிக நாள் நிற்காது. அதை அடித்தால் பிறகு துடைத்துவிட்டு எண்ணெயும் விட வேண்டும்.

தையல் மிஷின் எண்ணெய்: பரவாயில்லை. நன்றாக உள்ளே இறங்கும். ஆனால் ரொம்ப மெல்லியது என்பதால் வாரம் ஒரு முறையாவது விட வேண்டியிருக்கும். ஒரு மழைக்குத் தாங்காது.

புது என்ஜின் ஆயில்: சாதாரண சைக்கிளுக்கு இது போதும். பைக் மெக்கானிக் கடையில் டப்பாவின் அடியில் மிஞ்சிய புது ஆயிலில் கொஞ்சம் கேட்டால்கூடக் கொடுப்பார்கள். ‘புதுசு’ என்பது முக்கியம். மேல்பக்கத்தை நன்றாகத் துடைத்துவிட வேண்டும்.

சைக்கிளுக்கென்றே வரும் செயின் லூப்: கியர் வண்டி வைத்திருப்பவர்களுக்கு நல்லது. இதில் ‘டிரை’ வகை தூசியைக் குறைவாகப் பிடிக்கும், கோடைக்குச் சரி. மழையில் சீக்கிரம் கழுவிப் போகும். ‘வெட்’ வகை மழையில் தாங்கும். ஆனால் தூசி ஒட்டும். நம் ஊரில் வருஷத்தில் பெரும்பாலான மாதம் புழுதிதான். எனவே அக்டோபர் முதல் டிசம்பர் வரை ‘வெட்’, மற்ற மாதங்களில் ‘டிரை’ என்று வைத்துக்கொள்ளலாம்.

சுத்தம் செய்வது எப்படி? படிப்படியாக

1. வண்டியை டபுள் ஸ்டாண்டில் நிறுத்துங்கள். சைடு ஸ்டாண்டு மட்டும் இருந்தால், சாக்கு விரித்து வண்டியைத் தலைகீழாகக் கவிழ்த்து சீட்டிலும் ஹேண்டில்பாரிலும் நிற்க வையுங்கள். காற்றோட்டமான இடமாக இருக்கட்டும். பக்கத்தில் அடுப்பு, பீடி, சிகரெட் எதுவும் கூடாது.

2. செயின் கவர் இருந்தால் ஸ்க்ரூக்களைக் கழற்றி எடுங்கள். ஸ்க்ரூக்களை ஒரு கிண்ணத்தில் போட்டு வையுங்கள். கீழே வைத்தால் காணாமல் போகும்.

3. முதலில் காய்ந்த துணி. கீழ்ப்பக்கம் ஓடும் செயினைத் துணியால் லேசாகப் பிடித்துக்கொண்டு, பெடலைப் பின்பக்கமாகச் சுற்றுங்கள். பின்பக்கம் சுற்றினால் ஃப்ரீவீல் காரணமாகப் பின்சக்கரம் சுழலாது. முன்பக்கமாகச் சுற்றிக்கொண்டே செயினைத் தொடவே கூடாது. சக்கரம் வேகம் பிடித்துவிட்டால், விரல் செயினுக்கும் பல்லுக்கும் நடுவில் சிக்கிக்கொள்ளும். சின்னப் பிள்ளைகளை இந்த நேரத்தில் பக்கத்தில் விடாதீர்கள்.

4. பழைய பல் தேய்க்கும் பிரஷ்ஷை மண்ணெண்ணெயில் நனைத்து, செயினின் நான்கு பக்கமும் தேயுங்கள். மேல், கீழ், இரண்டு பக்கவாட்டு. கறுப்பாக வழியும். அடியில் ஒரு பழைய தட்டு வைத்துக்கொள்ளுங்கள். மண்ணெண்ணெய் கிடைக்கவில்லை என்றால் டீசல் போதும். பெட்ரோல் வேண்டவே வேண்டாம். அதன் ஆவி சட்டென்று தீப்பிடிக்கும்.

5. செயின் வீலின் பற்களையும், பின்னால் ஃப்ரீவீலின் பற்களையும் ஒரு மெல்லிய குச்சியால் சுரண்டிவிட்டு பிரஷ்ஷால் தேயுங்கள். ஃப்ரீவீல் மேல் மண்ணெண்ணெயை ஊற்ற வேண்டாம். உள்ளே இருக்கும் பால்களுக்குப் போட்ட எண்ணெயும் கிரீஸும் கழுவிப் போய்விடும்.

6. மறுபடியும் புதுத் துணியால் துடையுங்கள். துணியில் கறுப்பு வருவது குறையும் வரை இரண்டு மூன்று தடவை செய்யுங்கள். பளபளவென்று வெள்ளி மாதிரி ஆக வேண்டும் என்று இல்லை. விரலால் தொட்டால் நறநறப்பு இல்லாமல் இருந்தால் போதும்.

7. நிழலில் ஒரு மணி நேரமாவது காய விடுங்கள். ஈரமோ மண்ணெண்ணெயோ உள்ளே இருந்தால் புது எண்ணெய் நீர்த்துப்போகும்.

வருஷக்கணக்கில் தொடாத செயின் என்றால், கழற்றித்தான் சுத்தம் செய்ய வேண்டும். சாதாரண சைக்கிள் செயினில் ஒரு இடத்தில் மட்டும் மீன் வடிவத்தில் ஒரு கிளிப் இருக்கும். அதுதான் செயின் லாக். பிளேயரால் நெம்பினால் கிளிப் நகரும். செயின் கையில் வந்துவிடும். வாயகன்ற ஒரு டப்பாவில் செயினைப் போட்டு, மூழ்கும் அளவு மண்ணெண்ணெய் விட்டு, மூடிக் குலுக்குங்கள். கறுத்த எண்ணெயை மாற்றி இன்னொரு தடவை. திரும்ப மாட்டும்போது கிளிப்பின் மூடிய பக்கம் செயின் ஓடும் திசையைப் பார்த்து இருக்க வேண்டும். திறந்த பக்கம் முன்னால் இருந்தால், எதிலாவது தட்டுப்பட்டுக் கிளிப் கழன்று விழ வாய்ப்பு உண்டு. கியர் வண்டிகளில் அமைப்பு வேறு. பழக்கமில்லாதவர்கள் கழற்றாமல் செய்வதே நல்லது.

பயன்படுத்திய மண்ணெண்ணெயைச் சாக்கடையிலோ கிணற்றடியிலோ ஊற்றாதீர்கள். மூடி வைத்தால் இரண்டு நாளில் அழுக்கு அடியில் தங்கிவிடும். மேலே தெளிந்ததை அடுத்த மாதத்துக்கு வைத்துக்கொள்ளலாம்.

எண்ணெய் விடும் முறை

செயின் லாக் இருக்கும் கண்ணியை அடையாளமாக வைத்துக்கொள்ளுங்கள். வண்டி ஸ்டாண்டில் நேராக நிற்கும்போது, கீழே ஓடும் செயினின் மேல்முகத்தில், அதாவது பல்லைத் தொடும் உள்பக்கத்தில், ஒவ்வொரு ரோலருக்கும் ஒரே ஒரு துளி விட்டுக்கொண்டே பெடலைப் பின்பக்கமாக மெதுவாகச் சுற்றுங்கள். அடையாளக் கண்ணி திரும்ப வந்ததும் நிறுத்துங்கள். 112 கண்ணிக்கு 112 துளி. எல்லாம் சேர்ந்தால் ஒரு டீஸ்பூன் அளவுதான் வரும். ஆயில் கேன் இல்லாவிட்டால் மருந்துக்கடையில் கிடைக்கும் ஊசியில்லாத சிரிஞ்ச் போதும்.

பிறகு பெடலை 20, 30 சுற்று பின்பக்கமாகச் சுற்றிவிட்டு, கொஞ்ச நேரம் விட்டுவிடுங்கள். இரவில் செய்தால் காலை வரை விடலாம். எண்ணெய் தானாக மூட்டுக்குள் இறங்கும்.

கடைசி வேலை, நம்மில் பெரும்பாலோர் செய்யாத வேலை: காய்ந்த துணியால் செயினின் வெளிப்பக்கத்தை நன்றாகத் துடைத்துவிடுங்கள். ‘விட்ட எண்ணெயைத் துடைப்பதா?’ என்று கை தயங்கும். வெளியில் இருக்கும் எண்ணெயால் செயினுக்கு ஒரு பிரயோஜனமும் இல்லை. அது புழுதியைப் பிடிக்கும். பள்ளிச் சீருடையில் கறையாகும். மெல்லிய படலம் மட்டும் மிஞ்சினால் போதும்.

சக்கரத்தின் ரிம்மிலும் பிரேக் கட்டையிலும் எண்ணெய் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள். பட்டால் பிரேக் பிடிக்காது. பட்டுவிட்டால் சோப்புத் தண்ணீரால் கழுவித் துடைத்த பிறகே வண்டியை எடுங்கள்.

மாற்ற வேண்டிய நேரம் வந்துவிட்டதா?

ஒரு ஸ்டீல் ஸ்கேல் போதும். சைக்கிள் செயினில் பின்னுக்குப் பின் அரை அங்குலம். எனவே 24 கண்ணிக்குச் சரியாக 12 அங்குலம் இருக்க வேண்டும். செயின் விறைப்பாக இருக்கும் இடத்தில், ஒரு பின்னின் நடுவில் ஸ்கேலின் பூஜ்யத்தை வையுங்கள். அங்கிருந்து 24-வது பின்னின் நடு, 12 அங்குலக் கோட்டில் இருந்தால் செயின் புதுசு மாதிரி. கோட்டைத் தாண்டி 1.5 மி.மீ. போயிருந்தால் கியர் வண்டிக்குச் செயின் மாற்றும் நேரம். சாதாரண வண்டிக்கு எச்சரிக்கை. 3 மி.மீ. தாண்டினால் எந்த வண்டியானாலும் மாற்றிவிடுங்கள். பல்சக்கரங்களையும் காட்டிப் பாருங்கள்.

செயின் தொய்வையும் பாருங்கள். கியர் இல்லாத வண்டியில், கீழ்ச்செயினின் நடுவில் விரலால் மேலும் கீழும் அசைத்தால் சுமார் அரை அங்குலம் ஆட வேண்டும். அதிகம் ஆடினால் கழன்று விழும். ஆடவே இல்லை என்றால் பேரிங் தேயும். பின்சக்கர நட்டைத் தளர்த்தி, சக்கரத்தை நகர்த்திச் சரிசெய்யலாம். சக்கரம் கோணாமல் நடுவில் இருக்கிறதா, பிரேக் பிடிக்கிறதா என்று பார்த்துவிட்டு நட்டை நன்றாக முறுக்குங்கள்.

அடிக்கடி கேட்கும் சந்தேகங்கள்

*எத்தனை நாளுக்கு ஒருமுறை எண்ணெய் விடணும்?*
தினமும் 10 கி.மீ. ஓட்டினால், இரண்டு வாரத்துக்கு ஒருமுறை துடைத்து எண்ணெய். மாதம் ஒருமுறை மண்ணெண்ணெய்ச் சுத்தம். கணக்கு மறந்துபோனால் காதை நம்புங்கள். சத்தம் வந்துவிட்டால் ஏற்கெனவே தாமதம் என்று அர்த்தம்.

*மழையில் நனைந்துவிட்டது. உடனே எண்ணெய் விடலாமா?*
வேண்டாம். முதலில் துணியால் துடையுங்கள், காய விடுங்கள், பிறகு எண்ணெய். ஈரத்தோடு இரவு முழுக்க விட்டால் காலையில் செம்பழுப்பாகத் துரு தெரியும்.

*கடலோரத்தில் இருக்கிறோம். சீக்கிரம் துருப்பிடிக்கிறதே?*
உப்புக்காற்றின் வேலை அது. உப்பு ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும். ராமேஸ்வரம், நாகப்பட்டினம், தூத்துக்குடி போன்ற ஊர்களில் வாரம் ஒருமுறை துடைத்து எண்ணெய் விடுவது நல்லது. வண்டியைக் கடற்காற்று படும் இடத்தில் இரவில் நிறுத்தாமல் உள்ளே வையுங்கள்.

*வாட்டர் சர்வீஸ் விடலாமா?*
வேகமாகப் பீய்ச்சும் தண்ணீர், சக்கர பேரிங்கிலும் ஃப்ரீவீலிலும் புகுந்து கிரீஸைக் கழுவிவிடும். வாளித் தண்ணீரும் துணியும் போதும்.

*எலுமிச்சை, ஆசிட் போட்டுத் துருவை எடுக்கலாமா?*
கூடாது. செயின் பதப்படுத்திய இரும்பால் ஆனது. அமிலத்தில் ஊறினால் நொறுங்கும் தன்மை வரலாம். மேலோட்டமான துரு மண்ணெண்ணெயும் பிரஷ்ஷும் பட்டாலே போகும். கண்ணிகள் மடங்காமல் இறுகியிருந்தால் புதுச் செயின்தான் பாதுகாப்பு.

*செயின் கவரைக் கழற்றிப் போட்டுவிடலாமா?*
வேண்டாம். துப்பட்டா, புடவை, வேட்டி, பேன்ட் நுனி எதுவும் சிக்காமல் காப்பது அதுதான். தூசியையும் மழையையும் பாதி தடுக்கும்.

பிள்ளைகளிடமே கொடுங்கள்

1990களின் தொடக்கத்தில் புதுக்கோட்டை மாவட்டத்தில், அன்றைய ஆட்சியர் ஷீலா ராணி சுங்கத் முன்னெடுக்க, அறிவொளி இயக்கத்தின் பகுதியாகப் பல்லாயிரம் பெண்கள் சைக்கிள் ஓட்டக் கற்றுக்கொண்டார்கள். தண்ணீர் எடுக்கவும் சந்தைக்குப் போகவும் யாரையும் எதிர்பார்க்காமல் கிளம்ப முடிந்தது. அந்தச் சுதந்திரம் செயின் ஓடும் வரைக்கும்தான். ‘அப்பா வரட்டும், அண்ணன் பார்த்துத் தரட்டும்’ என்று வண்டி மூலையில் நின்றால், மறுபடியும் இன்னொருவர் தயவுதான்.

எனவே, வண்டி ஓட்டும் மகனுக்கும் மகளுக்கும் இந்த வேலையை ஒருமுறை பக்கத்தில் இருந்து சொல்லிக்கொடுங்கள். எட்டாம் வகுப்புப் பிள்ளைக்குத் தாராளமாக வரும். மண்ணெண்ணெய் கையாளும்போது மட்டும் பெரியவர் ஒருவர் கூட இருக்கட்டும். மாதத்தின் முதல் ஞாயிற்றுக்கிழமை என்று ஒரு நாளைக் குறித்துக்கொண்டால் மறக்காது. முதலில் துடை, பிறகு எண்ணெய், மறுபடியும் துடை. இந்த மூன்றையும் வரிசை மாறாமல் செய்தால் செயின் சத்தம் போடாது. பாதி வழியில் காலையும் வாராது.